ஓக் மரத்துக்குப் பின்னால் ஒரு தேவாலயம்: ஷிங்கெலின் கல்லச்சுப் படம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் படம்? யார் வரைந்தது?

1810-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கார்ல் ஃபிரீட்ரிக் ஷிங்கெல் கல்லின்மேல் வரைந்து தாளில் அச்சிட்ட கல்லச்சுப் படம் இது. சுமார் 48 செ.மீ. உயரமும் 34 செ.மீ. அகலமும் கொண்ட நெட்டுவாக்கான தாளில், முன்னால் பெரிய ஓக் மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் புல்லும் செடியும் மண்டிய கல்லறைகள். கிளைகளுக்குப் பின்னால், பாதி மறைந்தும் பாதி தெரிந்தும், கோதிக் பாணித் தேவாலயம் ஒன்று எழுகிறது. கூர்வளைவுகளும் உயர்ந்த சாளரங்களும் கொண்ட ஐரோப்பிய இடைக்காலக் கட்டடப் பாணிதான் கோதிக். கறுப்பு மையைத் தவிர வேறு நிறம் கிடையாது. ஓக் தோப்புக்குப் பின்னால் உள்ள கோதிக் தேவாலயம் என்ற பொருளில் கலை நூல்கள் இதைச் சுருக்கமாகக் குறிப்பிடுகின்றன. ஷிங்கெல் கொடுத்த தலைப்பு அதைவிட மிக நீளமானது. அதைப் பற்றிக் கீழே பார்க்கலாம்.

ஷிங்கெல் ஓவியரா, கட்டடக் கலைஞரா?

கட்டடக் கலைஞர். பெர்லின் நகரின் நடுப்பகுதிக்கு இன்று இருக்கும் முகத்தைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர். 1818-இல் முடிந்த புதிய காவல் மனை, 1821-இல் முடிந்த நாடக அரங்கு, முகப்பில் பதினெட்டுத் தூண்கள் வரிசையாக நிற்க 1830-இல் திறக்கப்பட்ட பழைய அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் அவருடைய கைவண்ணம்.

ஆனால் இந்தப் படத்தை வரைந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. பேர் சொல்லும்படியான கட்டடம் எதையும் அவர் அதுவரை எழுப்பியிருக்கவில்லை. 1781-இல் நொய்ரூப்பின் என்னும் ஊரில், கிறிஸ்தவ மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1787-இல் அந்த ஊர் தீப்பற்றி எரிந்தது. தந்தையும் அந்த ஆண்டிலேயே இறந்தார். பின்னர் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஃபிரீட்ரிக் கில்லி என்ற இளம் கட்டடக் கலைஞர் வரைந்த நினைவுச்சின்ன வடிவமைப்பைக் கண்காட்சியில் பார்த்துத்தான் கட்டடக்கலையே தம் வழி என்று ஷிங்கெல் முடிவு செய்தார். குருவாக ஏற்றுக்கொண்ட கில்லியும் 1800-இல், முப்பது வயதை எட்டுவதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

கட்டடக் கலைஞர் எதற்காகக் காட்டையும் மரத்தையும் வரைய வேண்டும்?

முதல் காரணம், கட்டுவதற்கு வேலை இல்லை என்பதுதான். 1803 முதல் 1805 வரை இத்தாலியில் பயணம் செய்துவிட்டு ஷிங்கெல் திரும்பிய மறு ஆண்டே, 1806 அக்டோபரில், நெப்போலியனின் படை பெர்லினுக்குள் நுழைந்தது. பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்ய நாட்டின் அரச குடும்பம் கிழக்கே தப்பியோடியது. 1809 டிசம்பரில்தான் அது தலைநகருக்குத் திரும்ப முடிந்தது. தோற்றுப்போய், போர் ஈட்டுத் தொகையைக் கட்ட வழியில்லாமல் தவித்த நாட்டில் அரண்மனை கட்ட யார் அழைப்பார்கள்? எனவே அவர் வரைந்தார். பலெர்மோ நகரைச் சுற்றிலும் பார்ப்பதுபோல வட்டமாகத் தீட்டிய காட்சி ஒன்றை 1808-இல் மக்களுக்குக் காட்டினார். வில்லெம் குரோப்பியுஸ் என்பவருடன் சேர்ந்து, பின்னாலிருந்து விளக்கொளி பாய்ச்சிக் காட்டும் பெரிய திரைக் காட்சிகளை உருவாக்கினார். காசு கொடுத்து மக்கள் பார்த்த பொழுதுபோக்குகள் இவை. இன்றைய திரையரங்குக்கு அக்கால முன்னோடி என்று சொன்னால் பெரிய தவறில்லை.

இரண்டாவது காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் ஒரு தேவாலயம் இருக்கிறது. நன்றாக யோசித்துக் கட்டப்பட்ட தேவாலயம். வேலையில்லாத காலத்தில் தாளிலாவது ஒரு கட்டடத்தை எழுப்பிப் பார்க்கும் ஆசை என்று அதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் தாளில் கட்டிய அந்தக் கட்டடத்தை அவரே ஒரு மரத்தைக் கொண்டு மறைத்தும் விட்டார். இந்தப் படத்தைப் பற்றிய கேள்விகளெல்லாம் என் கணக்கில் இந்த ஒரு கேள்விக்குத்தான் வந்து சேருகின்றன.

கட்டடத்தை ஏன் மறைத்தார்?

அவர் சூட்டிய தலைப்பை முதலில் படிக்க வேண்டும். தமிழில் ஏறத்தாழ இப்படி வரும்: ‘தேவாலயத்திலிருந்து ஒலித்துவரும் ஆராதனையின் ஓசையைக் கேட்கையில் நெஞ்சை நிறைக்கும் இனிய, ஏக்கம் ததும்பும் துயரத்தை வெளிப்படுத்த ஒரு முயற்சி, கல்லில் வரைந்தவர் ஷிங்கெல்.’

இதில் தேவாலயத்தின் தோற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பேசப்படுவது ஓசை. உள்ளே ஆராதனை நடக்கிறது. கேட்பவர் வெளியே, கல்லறைகளுக்கு நடுவே, மரத்தடியில் இருக்கிறார். கட்டடம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பார்ப்பவர் அதன் உயரத்தையும் சாளரங்களையும் அளக்கத் தொடங்கிவிடுவார். காது வேலை செய்யாது. இலைகளுக்கு இடையில் துண்டு துண்டாகத் தெரியும்போதுதான், உள்ளே என்ன நடக்கிறது என்று காது நீள்கிறது. ஓசையை வரைய முடியாது. ஆனால் ஓசை எந்த இடத்திலிருந்து வருகிறதோ அந்த இடத்தை மறைத்து வரைய முடியும். அதைத்தான் அவர் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். மதகுரு வீட்டில் பிறந்து ஆறு வயதில் தந்தையை இழந்த ஒருவர், ஆராதனையின் ஓசையை வெளியே நின்று கேட்பதாக ஒரு படத்தை வரைவதில் சொந்த வாழ்க்கையின் நிழலும் இருக்கலாம். இதை ஓர் ஊகமாக மட்டுமே சொல்கிறேன்.

‘முயற்சி’ என்ற சொல்லும் முக்கியம். கட்டட வரைபடத்தில் ‘முயற்சி’ என்று எழுதினால் யாரும் பணம் தர மாட்டார்கள். அளவும் கணக்கும் பிசகக் கூடாத தொழிலைக் கற்ற மனிதர், இங்கே அளக்க முடியாத ஒன்றை எடுத்துக்கொண்டோம் என்பதைத் தலைப்பிலேயே ஒப்புக்கொள்கிறார். நிலமும் பொழுதும் மனத்தின் நிலையைச் சுமக்கும் என்பது, திணைப் பாடல்களைப் படித்து வளர்ந்த நமக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைய ஐரோப்பியக் கலைக்கழகங்களில் நிலக்காட்சி என்பது வரலாற்றுப் படங்களுக்குக் கீழான வகையாகவே எண்ணப்பட்டது. அந்தச் சூழலில் இப்படி ஒரு தலைப்பை வைக்கத் துணிச்சல் வேண்டும்.

ஏன் ஓக் மரம்? ஏன் கோதிக் பாணி?

தமிழில் கருவாலி என்றும் சொல்லப்படும் ஓக் மரம், ஜெர்மன் மொழி பேசுவோருக்குத் தங்கள் மண்ணின் அடையாளம். அந்நியப் படை ஊருக்குள் இருந்த நாட்களில் ஓக்கை வரைவது ஒருவகையில் அரசியல் பேச்சாகவும் இருந்தது.

கோதிக் பாணியின் கதை சற்றுச் சிக்கலானது. ஸ்டிராஸ்பூர்க் பேராலயத்தைப் புகழ்ந்து 1772-இல் எழுதிய கட்டுரையில், ஜெர்மன் கவிஞர் கேத்தே அதைக் கடவுளின் ஓங்கிப் பரந்த மரத்துக்கு ஒப்பிட்டார். அந்தப் பாணி ஜெர்மானியருக்கே உரியது என்றும் வாதிட்டார். அடுத்த தலைமுறை அதை அப்படியே நம்பியது. ஷிங்கெலின் குருவான கில்லி 1794-இல் மரியன்பூர்க் என்னும் இடைக்காலக் கோட்டையை நேரில் சென்று வரைந்தது, பிரஷ்யாவில் பழைய செங்கல் கட்டடங்களின் மீது பலரது கண்ணையும் திருப்பியது. உண்மையில் கோதிக் பாணி பிறந்தது பாரிஸுக்கு அருகிலுள்ள செயின்ட் டெனி மடாலயத்தில். அதன் கிழக்குப் பகுதி 1144-இல் அர்ப்பணிக்கப்பட்டது. பிரெஞ்சுப் படையை எதிர்த்த நாட்டுப்பற்று, பிரான்ஸில் பிறந்த பாணியைத் தன் கொடியாக ஏந்திக்கொண்டது என்பது வரலாற்றின் குறும்பு.

மரத்துக்கும் கோதிக்குக்கும் உள்ள உறவை அக்காலத்தார் வெறும் உவமையாக விட்டுவிடவில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்பவர், கோதிக் பாணி மரக்கொம்புகளை வளைத்துக் கட்டிய குடிசையிலிருந்து தோன்றியது என்று மெய்ப்பிக்க, 1790-களின் தொடக்கத்தில் தம் தோட்டத்தில் கம்பங்களை நட்டு, வில்லோ கொம்புகளை வளைத்துக் கட்டி, ஒரு சின்னத் தேவாலயத்தையே பின்னிவிட்டார். சில கொம்புகள் வேர்விட்டுத் துளிர்க்கவும் செய்தன! வரலாறாக அந்தக் கருத்து நிற்கவில்லை. ஆனால் ஷிங்கெலின் தாளைப் பார்க்கும்போது, ஹாலின் தோட்டத்தில் துளிர்த்த அந்தத் தேவாலயம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

படத்தில் எதை நெருங்கிப் பார்க்க வேண்டும்?

இலைகளை. நல்ல தெளிவுள்ள படியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓக்கின் இலைத்தொகுதி, நிழல் பூசி உண்டாக்கியதல்ல. பேனா முனையால் போட்ட சிறு சிறு வளைகோடுகளால் ஆனது. கோடுகள் நெருங்கும் இடம் இருளாகிறது. விலகும் இடத்தில் தாளின் வெண்மையே வெளிச்சமாகிறது. பிறகு கண்ணை மெல்லக் கிளைகளின் இடைவெளிக்கு நகர்த்தித் தேவாலயத்தின் சாளர வேலைப்பாட்டுக்குக் கொண்டு போங்கள். அங்கேயும் அதே பேனா, அதே மை, ஏறக்குறைய அதே தடிமனுள்ள கோடு. கல்லில் செதுக்கிய வளைவும் கிளையில் முளைத்த வளைவும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

அதற்குப் பிறகு அடிமரத்தைப் பாருங்கள். படத்தில் பாரம் சுமக்கும் தூண் அதுதான். கட்டட வரைபடம் வரையும் ஒருவர் தூணின் எடை எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதுபோலவே, மரத்தின் எடை வேர்களின் வழியாக மண்ணுக்குள் இறங்குவதை ஷிங்கெல் கவனித்து வரைந்திருக்கிறார். தேவாலயத்தைவிட மரம் உறுதியானதாகத் தோன்றுகிறது. தேவாலயமோ இலையைவிட மெல்லியதாக, பின்னணியில் வெளிறி நிற்கிறது. மறைத்தார் என்று மேலே சொன்னேன். கட்டடத்தின் வேலையை மரத்திடம் ஒப்படைத்தார் என்பது இன்னும் பொருத்தமாக இருக்கும்.

கல்லச்சு என்றால் என்ன? கல்லில் செதுக்குவதா?

இல்லை. பலருக்கும் வரும் குழப்பம் இது. கல்லச்சில் கல்லைச் செதுக்குவதே கிடையாது; எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற எளிய உண்மையில்தான் முழு வேலையும் நடக்கிறது.

பவேரியாவில் ஜோல்ன்ஹோஃபென் என்னும் இடத்தில் வெட்டியெடுக்கும் நுண்துகள் சுண்ணாம்புக்கல்லே இதற்குச் சிறந்தது. கல்லை வழவழப்பாகத் தேய்த்து, கொழுப்புக் கலந்த மையால் அதன்மேல் வரைவார்கள். பிறகு கருவேலம் பிசினில் சிறிது அமிலம் கலந்து பூசுவார்கள். வரையாத இடங்கள் நீரை ஏற்கும் தன்மையைப் பெறுகின்றன. கல்லை நனைத்து, மை உருளையை அதன்மேல் உருட்டினால், ஈரமான இடங்கள் மையைத் தள்ளிவிடும். கொழுப்புக் கோடுகள் மட்டும் பிடித்துக்கொள்ளும். தாளை வைத்து அழுத்தியதும் படம் பதிகிறது. கல்லில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் வரும் என்பதால் எல்லாவற்றையும் மாற்றி நினைத்து வரைய வேண்டும். கல்லிலேயே எழுதும் எழுத்துகளுக்கும் அதே கதிதான்.

இம்முறையை அலோய்ஸ் ஜெனஃபெல்டர் 1790-களின் பிற்பகுதியில் மியூனிக்கில் கண்டுபிடித்தார். அவர் ஒரு நாடக ஆசிரியர். தம் எழுத்துகளைச் செலவில்லாமல் அச்சிட வழி தேடியவர். பெர்லினில் வில்லெம் ராய்ட்டர் என்ற ஓவியர் இம்முறையைப் பரப்பினார். நகரக் கலைஞர்கள் கல்லில் வரைந்த படங்களின் தொகுப்பை 1804-இல் வெளியிட்டார். ஆக, 1810-இல் இது இன்னும் புதுமை மணம் மாறாத தொழில்நுட்பம். 1894-இல் ரவிவர்மா மும்பையில் தொடங்கிய அச்சகமும் கல்லச்சு அச்சகமே. நம் பாட்டிமார் பூசையறையில் மாட்டியிருந்த லட்சுமியும் சரஸ்வதியும் இந்தக் கல் வழியாக வந்தவர்கள்தாம்.

வேறு அச்சு முறைகள் இருக்கும்போது இதை ஏன் தேர்ந்தெடுத்தார்?

செப்புத் தகட்டில் படம் வெட்டுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பெரும்பாலும் ஓவியர் வரைந்து கொடுப்பார், வேறொருவர் தகட்டில் வெட்டுவார். இடையில் கோட்டின் உயிர் போய்விடும். கல்லச்சில் அந்த இடைத்தரகர் தேவையில்லை. பேனா பிடிக்கத் தெரிந்தவர் தாமே கல்லில் வரையலாம். கட்டடக் கலைஞருக்குப் பேனாக்கோடுதானே தாய்மொழி? ‘கல்லில் வரைந்தவர் ஷிங்கெல்’ என்று தலைப்பின் இறுதியில் சேர்த்திருப்பது, கோடு ஒவ்வொன்றும் தம் கையாலேயே விழுந்தது என்று அறிவிப்பதற்காகத்தான்.

அரசி லூயிசேயின் மறைவுக்கும் இந்தப் படத்துக்கும் தொடர்பு உண்டா?

படத்தின் தலைப்பில் அரசியின் பெயர் இல்லை. ஆனால் ஆண்டு ஒன்றே. மக்களால் மிகவும் நேசிக்கப்பட்ட பிரஷ்ய அரசி லூயிசே, 1810 ஜூலை 19-இல், முப்பத்துநான்கு வயதில் காலமானார். ஷிங்கெல் அவருக்காகக் கோதிக் பாணியில் ஒரு நினைவு மண்டபத்தை வடிவமைத்து அவ்வாண்டே கலைக்கழகக் கண்காட்சியில் வைத்தார். அதன் விதானம் பனை இன மரத்தின் ஓலைகள் விரிவதுபோல விரியும். சிவந்த கண்ணாடி வழியாக விடியற்காலை போன்ற ஒளி உள்ளே இறங்கும். அரசர் அதை ஏற்கவில்லை. சார்லட்டன்பூர்க் பூங்காவில், இருண்ட ஊசியிலை மர வரிசையின் முடிவில், கிரேக்கக் கோயிலின் முகப்புடன் வேறொரு மண்டபம் எழுந்தது. ஹைன்ரிக் கென்ட்ஸ் அதைக் கட்டினார், ஷிங்கெலுக்கும் அதில் பங்கு உண்டு. கல்லச்சுப் படத்தையும் கட்டப்படாத அந்த மண்டபத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றில் மரம் கட்டடமாகிறது, மற்றதில் கட்டடம் மரமாகிறது. ஒரே மனநிலையின் இரண்டு வடிவங்கள் என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக்கைப் பின்பற்றித்தான் வரைந்தாரா?

அதே காலத்து ஜெர்மன் ஓவியரான ஃபிரீட்ரிக்கையும் ஷிங்கெலையும் ஒப்பிடுவது வழக்கம், காரணமும் உண்டு. அதே 1810-இல் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சியில் ஃபிரீட்ரிக்கின் ‘ஓக் காட்டில் மடாலயம்’ வைக்கப்பட்டது. இளவரசர் விரும்பியதால் அரசர் அதை வாங்கினார். ஓக், கோதிக், கல்லறை ஆகிய மூன்றும் அதிலும் இருக்கின்றன.

ஆனால் வேறுபாடு பெரிது. ஃபிரீட்ரிக்கின் ஓக் மரங்கள் பனிக்காலத்தில் இலையுதிர்ந்து எலும்பாக நிற்பவை. கோயில் இடிந்து ஒரு சுவர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. துறவிகள் சவப்பெட்டியைச் சுமந்து போகிறார்கள். ஷிங்கெலின் ஓக் தழைத்திருக்கிறது. தேவாலயம் முழுமையாக நிற்கிறது. உள்ளே ஆராதனை நடக்கிறது. ஓவியராக மட்டுமே இருந்தவருக்கு இடிபாடு போதும். கட்டடக் கலைஞருக்கு இடிபாட்டில் மனம் நிலைக்காது போலும். கற்பனையிலும் கூரையைப் போட்டு முடித்துவிடுகிறார்.

வனக்காட்சி அச்சுகளைச் செய்த வேறு கட்டடக் கலைஞர்கள் உண்டா?

முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இருந்தார். ரேகென்ஸ்பூர்க் நகரத்து ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர், 1520-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமிலத்தால் அரித்த உலோகத் தகடுகளிலிருந்து ஒன்பது நிலக்காட்சிகளை அச்சிட்டார். ஸ்ப்ரூஸ் மரங்கள், மலை, நீர், தொலைவில் ஓர் ஊர், அவ்வளவுதான். புனிதர்களோ கதையோ கிடையாது. ஐரோப்பிய அச்சுக்கலையில் கதைமாந்தர் இல்லாத நிலக்காட்சி இவற்றிலிருந்தே தொடங்குகிறது. 1526-இல் நகரம் அவரைத் தன் கட்டடப் பொறுப்பாளராக நியமித்தது. அவருக்குக் கட்டடப் பதவி பின்னால் வந்தது, மரங்கள் முதலில் வந்தன.

கல்லச்சுப் படியை மற்ற அச்சுகளிலிருந்து எப்படி அடையாளம் காண்பது?

செப்புத் தகட்டில் அச்சிட்டால் தகட்டின் விளிம்பு தாளில் ஒரு பள்ளமாகப் பதியும். மையும் சற்றுப் புடைத்து நிற்கும். கல்லச்சில் இந்த இரண்டும் இராது. மை தாளோடு சமமாகப் படிந்திருக்கும். தற்கால இயந்திர நகலாக இருந்தால், பூதக்கண்ணாடியில் சீரான புள்ளி வரிசை தெரியும். அசலில் கோடு கோடாகவே இருக்கும்.

நகலை வீட்டில் மாட்டிக்கொள்ளலாமா?

தாராளமாக. ஷிங்கெல் 1841-இல் மறைந்ததால் படத்துக்குப் பதிப்புரிமை இல்லை. புகைப்படத்தைத் தரும் அருங்காட்சியகத்தின் நிபந்தனைகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அசல் படி கையில் இருந்தால் சூரிய வெளிச்சம் படாமல் வையுங்கள். தாளில் ஆன படைப்புகளை அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) அளவுக்கு மங்கிய ஒளியிலேயே காட்சிக்கு வைக்கின்றன. நகல் வாங்குவதாக இருந்தால் அசலின் அளவிலேயே வாங்குங்கள். கைப்பேசித் திரையில் இலைகள் கரும்புகையாகிவிடும்.

வேலை கிடைத்த பிறகு ஷிங்கெல் மரங்களை மறந்துவிட்டாரா?

பிரஷ்ய அரசின் உயர் அதிகாரியும் அறிஞருமான வில்லெம் ஃபான் ஹும்போல்ட்டின் பரிந்துரையால் 1810-லேயே அரசின் கட்டடத் துறையில் அவருக்கு இடம் கிடைத்தது. போர் முடிந்ததும் வேலை குவிந்தது. அவருடைய நாட்டம் கிரேக்கத் தூண்களின் பக்கம் திரும்பியது. ஆனாலும் 1815-இல் கடலோரப் பாறையின்மேல் கோதிக் தேவாலயத்தையும், ஆற்றங்கரையில் இடைக்கால நகரத்தையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 1824 முதல் 1831 வரை பெர்லினில் ஃபிரீட்ரிக்ஸ்வெர்டர் தேவாலயத்தைக் கோதிக் பாணியில் செங்கல்லால் எழுப்பினார். அந்தத் தேவாலயம் நகரின் நடுவே, நாற்புறமும் கட்டடங்களுக்கிடையில் நிற்கிறது; அதை மறைக்க முன்னால் ஓக் மரம் எதுவும் இல்லை.